பரண்மேல் கறிக்கத்தி

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு கறிக்கத்தி இருக்கிறது. முட்டைகூட வாசற்படி தாண்டாத வீடு இது. வருஷா வருஷம் போகிக்குப் பரணை ஒழிக்கும்போது என் மனைவி அதைத் துணிச்சுற்றோடு எடுத்துக் கீழே வைத்து, "இதை என்ன பண்றதா உத்தேசம்?" என்று கேட்பாள். "இன்னும் மூணு நாள் பாப்போம்" என்பேன். அவளும் சிரித்துக்கொண்டு மறுபடி மேலே ஏற்றிவிடுவாள்.

அந்தப் பதில் என்னுடையது அல்ல. இராஜபாளையத்துக் கோழிக்கார அக்காவுடையது.

அக்கா என்றால் உறவு ஒன்றும் இல்லை. நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். அவர் இராஜபாளையத்தில், சர்ச்சுக்குப் பின்தெருவில் கோழி வளர்த்தவர். அவர் பெயரைப் பதிவேட்டில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ரயிலடியில் இறங்கி, "கோழிக்கார அக்கா வீடு" என்றால் வண்டிக்காரர் முதல் வடை விற்பவர் வரை கையை நீட்டிவிடுவார்கள். நெடுநெடுவென்று உயரம். கூண்டுக்குள் குனிந்து குனிந்தே முதுகில் ஒரு சின்ன வளைவு. சேலை விளிம்பில் எப்போதும் தவிடு ஒட்டியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரும் வெள்ளைச் சேலையிலும்கூட.

அவர் முதன்முதலில் ஆஸ்பத்திரிக்கு வந்தது ஒரு காலை நேரம். ரயிலில் வந்து, ஓலைக்கூடையோடு வாசலில் நின்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. மாட்டுக்கும் குதிரைக்கும் ஆட்டுக்கும் எங்கள் பதிவேட்டில் பத்தி உண்டு, கோழிக்குக் கிடையாது. கூடையைத் திறந்தால் இரண்டு கோழி. ஒன்று செத்து விறைத்துக் கிடந்தது. மற்றது தலையைச் சாய்த்து என்னையே உற்றுப் பார்த்தது.

"செத்ததை எதுக்குக்கா சுமந்துட்டு வந்தீங்க? அதுக்கு எங்ககிட்ட மருந்து கிடையாது."

"அது ஏன் செத்துச்சுன்னு கேக்க வரல தம்பி. அதச் சொல்லதுக்கு எங்க தெருவுலயே பத்துப் பேரு இருக்காவ. ரெண்டும் ஒரு தாய்க்குப் பொறந்தது. ஒரே கூட்டுல கெடந்தது. இது ஏன் சாகல? அதச் சொல்லுங்க."

எனக்குப் பதில் தெரியாததை மறைக்க, கோழிக்குப் பத்தி இல்லை என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். சத்தம் கேட்டு டாக்டர் ஐயா எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "பத்தி இல்லேன்னா ஒரு கோடு போட்டுக்கோப்பா, கம்பவுண்டர். மை தீர்ந்து போயிடாது."

கோடு போட்டேன். எங்கள் ஆஸ்பத்திரியில் கோழிக்கு இடம் வந்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் செத்த கோழியை அறுத்தார். இரைப்பையின் உள்பக்கம் முழுக்க ரத்தப் புள்ளிகள். "வெள்ளைக் கழிச்சல். எங்க புஸ்தகத்துல ராணிக்கெட்னு பேரு" என்றார்.

"கொல்லுத சீக்குக்கு ராணி பேரா?" என்று அக்கா முகம் சுளித்தார். பிறகு, பிழைத்த கோழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "போன மாசம் இது ஒருதரம் லேசா சொணங்குச்சுய்யா. ரெண்டு நாள் தீனி எடுக்கல, பொறவு எந்திரிச்சிருச்சு. இப்பம் பெருசா வந்தப்ப, சீக்கு இதத் தாண்டிப் போயிருச்சு."

"அதேதான். லேசா வந்தா உடம்புக்கு அவகாசம் கிடைக்கும். வந்தது யாருன்னு அடையாளம் பார்த்து வச்சுக்கும். கடுமையா வந்தா அந்த அவகாசம் கிடைக்கிறதில்லை."

"அவகாசம் மட்டும் இல்லய்யா. எறக்கைக்கு அடியில கைய வச்சுப் பாத்திருக்கீயளா? லேசான சீக்குல சூடு மெதுவா ஏறி மெதுவா எறங்கும். கொள்ளைச் சீக்குல ஒரே நாள்ல அடுப்பாட்டம் கொதிக்கும். தீப்பிடிச்ச வீட்டுல ஆளாளுக்குக் கத்திக்கிட்டு ஒருத்தர ஒருத்தர் மிதிப்பாவள்ல, அந்தக் கூத்துதான் உள்ள நடக்கு. பாதிச் சாவு சீக்கால, பாதிச் சாவு பதட்டத்தால."

டாக்டர் கத்தியைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தார். "இதையும் எழுதிக்கோ" என்றார். எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இறக்கைக்கு அடியில் கை வைப்பது அவருடைய பழக்கம். யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் ஒரு கோழி மடியில் இருக்கும், புறங்கை அதன் இறக்கைக்குள் இருக்கும். நம்மோடு பேசுகிறாரா, கோழியின் சூட்டைக் கேட்கிறாரா என்று சந்தேகமாக இருக்கும். ஒருநாள் நான் என் தர்மாமீட்டரைக் காட்டினேன். ஆசையாக வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத எங்க வீட்டு அவியளுக்கு ஒருதரம் வச்சுப் பாருங்க தம்பி. கோழி தும்முனா அவியளுக்குத்தான் சூடு ஏறுது" என்றார்.

அவிய என்றால் அவருடைய கணவர். மில்லில் பிட்டர். தறியோ கதிரோ, எந்த இயந்திரம் லேசாக முனகினாலும் எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். அந்தக் காதைக் கோழிக்கும் வைத்திருந்தார். கூண்டில் ஒரு தும்மல் கேட்டால் போதும், கத்தி சாணைக்கல்லுக்குப் போய்விடும். அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அந்த ஊர் வழக்கமே அதுதான். காலையில் கோழி சுணங்கினால் மத்தியானம் குழம்பு. செத்தால் வீணாகிவிடுமே என்று சாகும்முன் சட்டிக்குள் போட்டுவிடுவார்கள். இதனால் பிழைக்கக்கூடிய கோழிக்கும் பிழைத்துக் காட்ட ஒருநாளும் வாய்ப்புக் கிடைத்ததில்லை. இதை அந்த ஊரிலேயே கவனித்த ஒரே ஆள் அக்கா.

"இன்னும் மூணு நாள் பாப்போம்" என்று குறுக்கே நிற்பார். அவர் கணவர் விடமாட்டார். அதனால் சுணங்கிய கோழியை ஒளித்து வைப்பது அக்காவுக்கு ஒரு தனி வேலை. மாவுப் பெட்டியில் வைத்திருக்கிறார், விறகுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். ஒருமுறை சர்ச்சில் ஆர்மோனியப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். சாயங்கால ஜெபத்துக்கு உபதேசியார் பெட்டியைத் திறந்தால், உள்ளேயிருந்து ஒரு சாம்பல் நிறப் பெட்டை எழுந்து நின்று உடம்பை உதறியதாம். "முழுசா தேறிருச்சு!" என்று சபை நடுவிலிருந்து அக்கா எழுந்து நின்றுவிட்டார். அன்றைய ஜெபம் அதற்கு மேல் நடக்கவில்லை.

அப்படித் தேறி எழுந்த கோழியின் காலில் ஒரு வெள்ளை நூல் கட்டுவார். இயந்திரம் துடைக்க மில்லில் கொடுக்கும் கழிவு நூல், கணவரின் சட்டைப் பையிலிருந்தே எடுத்தது. வெள்ளை நூல் இருந்தால் அது சின்னச் சீக்கைப் பார்த்துவிட்ட கோழி என்று அர்த்தம். இனிப் பெரிய சீக்குக்கு அது பயப்பட வேண்டியதில்லை.

இந்த மூன்று நாள் கணக்கு கோழியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எதற்கும் மூன்று நாள்தான். பல்வலிக்கு மூன்று நாள் பார்த்தார். கன்னம் பன் ரொட்டி மாதிரி வீங்கி, பேச்சே வராமல் மதுரைக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். வத்தல் காயப்போட்ட அன்று வானம் இருட்டினால் அதற்கும் பொறுமை, வத்தலெல்லாம் ஊறிப்போகும். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் அம்மாள் ஒருவர் இருந்தார். சேவல் ஒன்று பந்தலில் ஏறிய விவகாரத்தில் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. மூன்றாம் நாள் காலை அக்கா நாலு முட்டையோடு போய் நின்று, தெலுங்கில் அண்ணி முறை வைத்து, "மூணு நாள் ஆயிருச்சு, வதினா. கோவம் எறங்கியிருக்கும்லா?" என்றாராம். அந்த அம்மாள் கோபத்தை மறந்து, கணக்கு வைத்துக்கொண்டு சமாதானத்துக்கு வந்த அதிசயத்தைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். இருவரும் அதன்பிறகு பிரியவே இல்லை.

சிரிப்புக்கு நடுவில் ஒரு கெட்ட வருஷமும் வந்தது. அதற்குக் காரணம், சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு நல்ல காரியம். சர்ச்சில் அறுப்பின் பண்டிகை என்று ஒன்று உண்டு. விளைந்ததில் முதல் பங்கை ஆண்டவருக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். பூசணி, நெல், வாழைத்தார், கோழி. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். அந்த வருஷம் நாலு திசையிலிருந்தும் வந்த கோழிகளைக் காலைக் கட்டி, முகப்பில் ஒன்றாகப் போட்டிருந்தார்கள். அவற்றில் இரண்டு மூன்று, வீட்டில் சுணங்கியவுடன், எப்படியும் போகப்போகிறது, காணிக்கையாகவாவது போகட்டும் என்று கொடுக்கப்பட்டவை. மத்தியானம் ஏலம் முடிந்து எல்லாக் கோழியும் எல்லாத் தெருவுக்கும் போய்ச் சேர்ந்தன. பத்து நாளில் ஊர் முழுக்க வெள்ளைக் கழிச்சல்.

மனம் ஒப்பாமல் கொடுத்த காணிக்கை, அதனால்தான் தண்டனை என்று ஊர் பேசியது. "ஆண்டவர் மேல பழியப் போடாதீய. அவரு ஒரு கோழியும் ஏலம் எடுக்கல" என்று அக்கா சொன்னார். அவர் வீட்டிலும் கூண்டு காலியானது. மிஞ்சியது ஒன்பது கோழி. ஒன்பதின் காலிலும் வெள்ளை நூல்.

அந்த ஒன்பதை வைத்து மறுபடி அடைகாக்க வைத்தார். அடுத்த வருஷத்துக்குள் ஐம்பதுக்கு மேல் இளங்கோழிகள். அக்காவுக்குச் சந்தோஷத்தைவிடக் கவலை அதிகம். ஒன்றின் காலிலும் நூல் இல்லை. "தாய் குடுத்த தெம்பு குஞ்சுக்குக் கொஞ்ச நாளைக்குத்தான் தம்பி. பொறவு அது அது பாடு. இதுகளுக்கு லேசா ஒருதரம் வந்துட்டாத் தேவல. ஆனா லேசா வான்னு சீக்கக் கூப்பிடவா முடியும்?"

கூப்பிட முடியும் என்ற செய்தியோடு நான் போனது இரண்டாம் உலக யுத்தம் முடிகிற சமயம். வடக்கே ஆராய்ச்சிக்காரர்கள் அதே நோய்க்கிருமியைப் பலம் குறைத்து ஊசி மருந்தாக்கியிருந்தார்கள். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் எங்கள் ஆஸ்பத்திரிக்கும் வந்தது. பக்கத்துச் சேத்தூரில் கழிச்சல் தொடங்கிவிட்டது, இராஜபாளையத்துக்கு வர அதிக நாள் ஆகாது. டாக்டர் என்னை அனுப்பினார்.

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஊசி போட்டா கோழி சொணங்குமா?"

சுணங்கும். மூன்றாம் நாளிலிருந்து தீனி எடுக்காது, சிலதுக்குக் கால் தள்ளாடும், ஓரிரண்டு போகவும் செய்யும் என்று டாக்டர் எனக்குத் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் அந்தத் தெருவை எனக்குத் தெரியும். சுணங்கும் என்று சொன்னால் ஒருவரும் கோழியைப் பிடித்துத் தரமாட்டார்கள். "ஒண்ணும் ஆகாதுக்கா" என்றேன்.

அக்கா அதை நம்பினார். வீடு வீடாகப் போனார். "ஒண்ணும் ஆகாது, என் பொறுப்பு" என்று சொல்லி, தெருவே கோழியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும்படி செய்தார். மருந்து சூடேறுவதற்குள் முடிக்க வேண்டும். கை ஓயாமல் போட்டேன். அவருடைய ஐம்பதுக்குத்தான் முதல் ஊசி.

நாலாம் நாள் பார்க்கப் போனபோது தெரு முனையிலேயே மசாலா வாசனை அடித்தது. நடையை எட்டிப் போட்டேன். கூண்டுகளில் கோழிகள் இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி நின்றன. பத்துப் பன்னிரண்டு பெண்கள் அக்காவைச் சூழ்ந்திருந்தார்கள்.

"ஒண்ணும் ஆகாதுன்னீயளே! உங்க பேச்சக் கேட்டுல்ல குடுத்தோம்!"

"என் வீட்டுல பதினாலும் தலையத் தொங்கப் போட்டிருச்சு. சாகதுக்குள்ள அறுத்தாலாவது பிள்ளைய வயித்துக்குப் போகும்."

அக்கா யாரையும் கைகாட்டவில்லை. கம்பவுண்டர்தான் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். என் வாழ்நாளில் அதைவிட வெட்கமாக நான் நின்றதில்லை.

"அக்கா மேல தப்பில்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன். "சொணங்கும்னு எனக்குத் தெரியும். சொன்னா ஊசி போட விடமாட்டீங்கன்னு மறைச்சுட்டேன். இது கொள்ளை இல்ல. லேசான சீக்கு. இது வந்தாத்தான் அது வராது. தயவு பண்ணி அறுத்துடாதீங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம்தான், ஆனால் அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. மடியில் இருந்த கோழியின் இறக்கைக்குள் கையை நுழைத்தார். "சூடு மெதுவாத்தான் ஏறியிருக்கு" என்றார். பிறகு என்னிடம், "தம்பி, சீக்க லேசா காட்டிக் குடுத்தா கோழி தாங்கிக்கிடும்னு படிச்சவிய நீங்க. எங்களுக்கும் விஷயத்த லேசா காட்டியிருக்கலாம்லா? நாங்க தாங்கியிருக்க மாட்டமா?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்றைக்கும் யாரிடமாவது எதையாவது மறைக்க நாக்கு வளையும்போது இந்தக் கேள்வி வந்து முன்னால் நிற்கிறது.

பெண்கள் சமாதானமாகவில்லை. அடுப்பில் மசாலா கொதித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் குரலை உயர்த்தினார்.

"ஏட்டி, நம்ம பிள்ளையளுக்கு அம்மை குத்துனாவளே, கை வீங்கலயா? காய்ச்சல் அடிக்கலயா? அந்த மூணு நாள் வீட்டுல கறி ஆக்குனோமா? தாளிக்கக்கூட இல்ல. இப்பம் கோழிக்கு அம்மை குத்தியிருக்கு. அம்மை கண்ட வீட்டுல அந்தக் கோழியவே அறுத்து அடுப்புல ஏத்துவீயளோ?"

ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடி அடுப்பை அணைத்தார். என் பிளாஸ்க்கும் டாக்டரின் புஸ்தகமும் செய்ய முடியாததை இந்த ஒரு பேச்சு செய்துவிட்டது. கால் மணி நேரத்தில் எல்லாக் கூண்டிலும் வேப்பிலை தொங்கியது.

சர்ச்சுக்குப் போகும் நாலைந்து வீடுகள் என்ன செய்வது என்று உபதேசியாரைப் பார்த்தன. அவர் மேகத்தைப் பார்த்தார். அக்காதான் தீர்ப்புச் சொன்னார். "வேப்பிலைய நான் கட்ட மாட்டேன். ஆனா கறி ஆக்கக் கூடாதுங்கது தங்கமான சட்டம். அத எடுத்துக்கிடுவோம்."

"நமக்கு அந்தச் சட்டமெல்லாம் கெடயாதுட்டி!" பிட்டர் வாசலில் நின்றார், கையில் தீட்டிய கத்தி. மில்லில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். "எட்டுக் கோழி கண்ணத் தொறக்க மாட்டேங்கு."

"இன்னும் மூணு நாள் பாப்போம்."

"மூணு நாள்ல எல்லாம் மண்ணுக்குப் போயிரும்."

அக்கா நேரே போய் அவர் கையிலிருந்து கத்தியை வாங்கினார். முந்தானையால் துடைத்தார். ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி என் மருந்துப் பைக்குள் வைத்தார். "ஊசி போட்டது நீங்க. கத்தியும் உங்ககிட்டயே இருக்கட்டும். கொண்டு போங்க."

பிட்டர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். ரயிலில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு கொலைகாரன் மாதிரி வியர்த்து வந்தேன். வீட்டில் துணி அவிழ்ந்துவிட்டது. என் மனைவி கத்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஊசி போடப் போனீங்களா, வேற எதுக்காவது போனீங்களா?" என் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு பரணைக் காட்டினார்.

நாலு நாள் கழித்துத் தபால் கார்டு வந்தது. "எந்திரிச்சிருச்சு. ரெண்டு குஞ்சு மட்டும் போச்சு. நூல் பத்தல, அவிய மில்லுல கேட்டிருக்காவ. கத்தி இருக்கட்டும்."

அதன்பிறகு சேத்தூரிலிருந்து கழிச்சல் வந்தது. மற்றத் தெருக்களில் கூண்டு கூண்டாகக் காலியானதைக் கேள்விப்பட்டோம். இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் பரணிலிருந்து கத்தியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். ரயிலடியிலிருந்து நடந்தால், தெருத்தெருவாக ஒரு சேவல் சத்தம்கூட இல்லை. பட்டப்பகலில் அந்த அமைதி பயமாக இருந்தது. சர்ச்சுக்குப் பின்னால் திரும்பினேன்.

கொக்கரக்கோ என்று ஒன்று கூவியது. அதற்குப் பதில் சொல்லி இன்னொன்று. பிறகு கூரை கூரையாக, திண்டு திண்டாக, தெருவே கூவியது. எல்லாக் காலிலும் வெள்ளை நூல். நான் நடுத்தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். கண்ணில் நீரும் வந்தது, மறைக்கவில்லை.

அக்கா கூண்டுக்குள் தலையை விட்டிருந்தார். வெளியே வந்து, முகமெல்லாம் தவிடாக, "வாங்க தம்பி. ராணி வந்து பாத்துட்டுப் போயிட்டா" என்றார்.

பையிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினேன். "பத்திரமா வச்சிருந்தேன்கா."

அவர் அதை வாங்கவில்லை. உள்ளே பார்த்து, "ஏங்க, உங்க சாமான் வந்திருக்கு" என்று கூப்பிட்டார். பிட்டர் வந்தார். இடுப்பில் ஒரு பெட்டைக்கோழி. அதன் இறக்கைக்கு அடியில் அவருடைய புறங்கை இருந்தது. என்னைப் பார்த்து, உஸ் என்று சைகை செய்துவிட்டு, இயந்திரத்தைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"காலையில ஒரு தும்மல் போட்டுச்சு" என்றார் மெதுவாக. பிறகு நீட்டிய கத்தியை அப்போதுதான் கவனித்தவர் போல, கையை எடுக்காமலே, முகவாயால் என் பையைக் காட்டினார்.

"இன்னும் மூணு நாள் உங்ககிட்டயே இருக்கட்டும், கம்பவுண்டர்."